ஊர்வல வண்டிக்கு இது போதும்

ஆடி 2, வியாழன்

கை அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இந்த டைரி ஆயில் கம்பெனிக்காரன் தை மாதம் கொடுத்தது. சும்மா கிடந்தது. பங்குனியில் டயர்க்கடைக்காரனின் பல்லை நான் உடைத்து, விஷயம் ஸ்டேஷன் வரைக்கும் போய், கடைசியில் குலசாமி முன்னால் கற்பூரத்தை அணைத்து இனி எவன் மேலும் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்றைக்குத்தான் அன்னத்தாய் இதைத் தூசி தட்டி எடுத்துத் தந்தாள். "அடிக்கணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதுங்க. தாளுக்குத் தையல் போட வேண்டாம்லா" என்றாள். என் பொண்டாட்டிக்கு வாய் நீளம். ஆனால் சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்று காலையில் மாப்பிள்ளை கொம்பையா தன் கான்டெசாவை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஆலங்குளத்துக்கு, என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். என் தங்கை புஷ்பத்தின் வீட்டுக்காரர். அந்த வெள்ளைக் காரைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். மாப்பிள்ளை அழைப்பு என்றால் சுரண்டை வட்டாரத்தில் அவர் வண்டிதான்.

"மச்சான், வண்டி உறுமுது, நகர மாட்டேங்கு. ஆடி முடியதுக்குள்ள தந்துருங்க. ஆவணி மொத முகூர்த்தம் சாத்தூர்ல, நம்ம சொந்தக்காரப் பையனுக்குத்தான். நானும் புஷ்பமும் கார்லயே போறோம்."

"தந்துரலாம் மாப்ள. புஷ்பம் நல்லாருக்காளா?"

"அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா."

போன மாதம் அந்த ராணிக்கு மேலுதடு கிழிந்திருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். சுரண்டையில் அந்த வீட்டுக் கதவைப் போல ஆளைத் தேடிப் போய் இடிக்கிற கதவை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆடி 4, சனி

கியர் பாக்ஸை இறக்கினேன். திறந்ததும் மயிர் பொசுங்கின வாடை. கிளட்ச் பிளேட் ரிவெட் தெரியத் தேய்ந்திருக்கிறது. பிளைவீலைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். இஞ்சினுக்குப் பின்னால் சுற்றுகிற இரும்புச் சக்கரம் அது. அதன் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும். அந்த முகம் முழுக்கச் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது.

ஊர்வல வண்டிக்கு இது தலையெழுத்து. நாதஸ்வரக்காரர் நடக்கிற நடைக்குக் கார் ஊர்ந்து வர வேண்டும். கிளட்சைப் பாதி அமுக்கியபடியே தெருத் தெருவாகப் போக வேண்டும். கொம்பையா அதோடும் நிறுத்த மாட்டார். தவில் அடிக்குத் தக்கபடி காரை முன்னும் பின்னும் அசைத்து ஆட விடுவார். பையன்கள் விசில் அடிப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையின் தலைப்பாகை கூட நலுங்காது. அப்படி ஒரு நிதானம் அந்தக் காலுக்கு. வீட்டுப் படி ஏறினதும் அந்த நிதானம் எங்கே போய்த் தொலைகிறதோ.

பிளைவீலை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சாக்பீஸ் தூளைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று எழும்பியது. போல்ட் ஓட்டையில் தொடங்கி விளிம்பைப் பார்த்து ஓடுகிற வெடிப்பு. இப்படி வெடித்ததை எடைக்குத்தான் போட வேண்டும். மெதுவாகச் சுற்றுகிற வரைக்கும் ஒன்றும் செய்யாது. வேகமாகச் சுற்றினால் பிளந்து, கியர் பாக்ஸ் கூட்டைக் கிழித்து, கார்த் தரையைக் கிழித்து ஓட்டுகிறவன் காலுக்கு வரும். கழுகுமலைப் பக்கம் ஒரு ஜீப்பில் அப்படி ஆனபோது நான்தான் பிரித்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு செருப்பை எடுத்தோம். செருப்போடு பாதமும் இருந்தது.

ஆடி 6, திங்கள்

லேத் தாவீதிடம் பிளைவீலைக் கொண்டுபோனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மேலாப்புல உள்ள சூட்டுக் கீறல்னா சீவி எடுத்துரலாம். இது ஓட்டைல இருந்துல்லா வருது. சீவச் சீவ மெலிஞ்சுதான் போவும். தூரப் போடுங்க."

"எனக்குத் தெரியாதாவே? சும்மா கேட்டேன்."

"தெரிஞ்சா ஏன் தூக்கிட்டு வந்தீய?"

தாவீதுக்கும் வாய் நீளம்தான்.

ஆடி 8, புதன்

திருநெல்வேலி. கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் காட்டிய கிளட்ச் செட்டுக்கு டப்பா மட்டும்தான் கம்பெனி. ஸ்பிரிங்கை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். இரண்டாவது, தேய்ந்த பிளேட்டில் புதுத் தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்தது. பேத்துமாத்துக் காட்டுகிறான், என்னிடமே. "ஏலே, உங்க அப்பன் கல்லால இருந்தா இதை எங்கிட்ட நீட்டுவியா?" என்று கேட்டேன். மூன்றாவது கடையில்தான் சரக்கு சரக்காக இருந்தது. பிரஷர் பிளேட்டின் விரல்கள் எல்லாம் ஒரே மட்டம். பல் எண்ணிப் பார்த்தேன், சரி. ரிலீஸ் பேரிங்கும் சேர்த்தே வாங்கினேன். இதில் ஒன்றைப் பழசு போட்டால் மறுபடியும் கியர் பாக்ஸைத்தான் இறக்க வேண்டும்.

"பழைய வண்டிக்கு எதுக்கு அண்ணாச்சி இவ்ளோ பாக்கீய?" என்றான் கடைக்காரன்.

"என் தங்கச்சி உக்காருத வண்டிடே."

பிளைவீல் புதுசு எங்கும் இல்லை. வண்டியே வருவதை நிறுத்தி எத்தனையோ காலம். கோயம்புத்தூரில் பழைய வண்டி உடைக்கிற ஒருவனைப் பிடித்தேன். மோதிய கான்டெசா ஒன்றிலிருந்து கழற்றியது இருக்கிறதாம். லாரியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆடி 10, வெள்ளி

அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் புஷ்பம் வந்தாள். இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு.

"அம்மில நசுங்கிட்டுண்ணே."

"அம்மி தானா வந்து நசுக்குச்சா?"

அன்னத்தாய் அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வைத்துப் புஷ்பம் அவளிடம் சொல்லியிருக்கிறாள். நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற மகளோடு, கொம்பையாவைக் கேட்காமல் போன் பேசினாளாம். அதற்கு அவள் கையை இழுத்து அம்மியில் வைத்து, குழவியை மேலே உருட்டியிருக்கிறார். மெதுவாக உருட்டினாராம். எனக்கு அந்த 'மெதுவாக'த்தான் தாங்கவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு இப்போதே சுரண்டைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். புஷ்பம் வாசலை மறித்தாள்.

"அண்ணே, நீ வந்து நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிருவ. கதவைச் சாத்துனதுக்கப்புறம் உள்ள நான்தான இருக்கணும்? பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு கெடக்கு. அது முடியட்டும்."

எங்கள் பெரியத்தை அங்கே இருந்தாள். "அடிக்கிற கைதான் அணைக்கும், விடுப்பா" என்றாள். அவளையும் அடிக்கத்தான் தோன்றியது. எழுதிவிட்டேன்.

ஆடி 13, திங்கள்

கோயம்புத்தூர்ச் சரக்கு வந்துவிட்டது. பிரித்துக் கழுவிச் சுத்தியலால் தட்டினேன். கணீர் என்றது. சாக்பீஸ் போட்டும் ஒரு கோடு இல்லை. பழையதைத் தட்டினால் ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம். இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் புதியதை மாட்ட வேண்டும்.

ஆடி 15, புதன்

மாப்பிள்ளை வந்தார், புஷ்பத்தையும் பைக்கில் வைத்துக்கொண்டு. குடித்திருக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்கிறேன், பிறகு யாராவது குடி என்று சொல்லிவிடக் கூடாது.

அன்னத்தாய் மோர் கொண்டுவந்தாள். நான் ஏதோ பழைய கதை சொன்னேன், நானும் புஷ்பமும் சின்னதில் கருப்பட்டி திருடியது. புஷ்பம் சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு காலமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"எந்த ஆம்பளை முன்னாலட்டி பல்லைக் காட்டுத?" என்றார் கொம்பையா.

"எங்க அண்ணன்தான..."

ஆணியில் பழைய ஃபேன் பெல்ட் தொங்கியது. அதை எடுத்தார். முதல் அடி தோளில், இரண்டாவது கழுத்தில். அவள் குனிந்ததும் முதுகில் வரிசையாக. ரப்பர் சதையில் படுகிற சத்தம் ஒரு மாதிரி ஈரமாக இருக்கும். ரவிக்கை கிழிந்து முதுகில் ரத்தம் கோடு கட்டியது. என் கையில் பெரிய ஸ்பானர் இருந்தது. ஓங்கிக்கொண்டு போனேன், பொய் சொல்லவில்லை. அன்னத்தாய் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். புஷ்பம் கீழே கிடந்தபடி, "அண்ணே, வராத! ஒன் காலைப் பிடிக்கேன், வராத!" என்று கத்தினாள்.

கொம்பையா அசையவில்லை. பெல்ட்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"வாங்க மச்சான், அடிங்க. அடிச்சா இவளை இங்கனயே விட்டுட்டுப் போறேன். பிள்ளை படிப்பை இன்னைக்கே நிறுத்தி வீட்டுக்குக் கூட்டியாந்துருவேன். அப்புறம் அவளுக்கும் இதே பெல்ட்டுதான். பொண்ணு கொடுத்த வீட்டுக்காரன் கையை நீட்டுனா சீர் வைக்கத்தான் நீட்டணும்."

பிறகு மோரைக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்தார். பெஞ்சைப் பார்த்து, "எதைப் போடப் போறீய?" என்று கேட்டார்.

"பாத்துப் போடுதேன் மாப்ள" என்றேன்.

போன பிறகு பெஞ்சைக் குத்தினேன். பெஞ்சைக் குத்த மாட்டேன் என்று சத்தியம் எதுவும் இல்லை. இரண்டு முட்டியும் கிழிந்துவிட்டது, கையெழுத்துக் கோணலாக வருகிறது.

இனி இந்த டைரியில் அவனுக்கு மரியாதை கிடையாது.

ஆடி 16, வியாழன்

வேலை பார்க்கவில்லை.

ஆடி 18, சனி

பெருக்கு. எல்லாரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்து கிளட்ச் வேலையை முடித்தேன்.

யோசித்துத்தான் செய்தேன். ஊர்வல வண்டி, ஊர்ந்துதான் போகும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்கிற வண்டிக்குக் கோயம்புத்தூர்ச் சரக்கு எதற்கு? அதைச் சாக்கில் கட்டி வைத்தேன், நல்ல வண்டி எதற்காவது போடலாம். பழைய பிளைவீலையே உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்தேன். பார்வைக்குப் புதுசு மாதிரி பளபளத்தது. அதையே மாட்டினேன். ஊர்வல வண்டிக்கு இது போதும்.

கிளட்ச் செட் மட்டும் அந்த நல்லதுதான். அதில் குறை வைக்கவில்லை. இதுவரை பிளேட் வழுக்கியதால் வண்டி வேகம் எடுக்காமல் இருந்தது. இனி மிதித்தால் பறக்கும்.

நான் கை வைக்கவில்லை. சத்தியம் சத்தியமாக இருக்கிறது.

ஆடி 20, திங்கள்

வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தான்.

"மச்சான்னா மச்சான்தான்! வெண்ணெயில கத்தி இறங்குத மாதிரி இறங்குது கிளட்ச். புதுசத்தான போட்டீய?"

"ஆமா மாப்ள."

சென்ட் வாடை. சட்டையை ஊற வைக்கச் சொன்னேன்.

ஆடி 27, திங்கள்

அன்னத்தாய் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"இது கோயம்புத்தூர்ல இருந்து வந்ததுல்லா? கொம்பையா அண்ணன் வண்டிக்குன்னுல்லா சொன்னீய?"

"அளவு சேரல."

"அன்னைக்குச் சேருதுன்னு சொன்னீயளே?"

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்கை மறுபடியும் கட்டினாள். முடிச்சு போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

சோறு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும்.

ஆவணி 6, வியாழன்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் நான் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும்போது அன்னத்தாய் சொன்னாள், "இன்னைக்குத்தான சாத்தூர்க் கல்யாணத்துக்குப் போறாவ? புஷ்பத்துக்குப் போன் போடுங்க, என் சிவப்புக் கல் தோடு வேணுமான்னு கேளுங்க."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆடி இரண்டாம் நாளே அவன் சொன்னான், நானும் புஷ்பமும் கார்லயே போறோம் என்று. என் காதாலேயே கேட்டேன். இந்தப் பாழாய்ப்போன தலையில் அது எப்படி ஏறாமல் போயிற்று? சாத்தூர் என்றால் கோவில்பட்டியில் நாலு வழிச்சாலை ஏற வேண்டும். அந்த ரோட்டில் எவன் ஊர்ந்து போகிறான்? பக்கத்துச் சீட்டில் புஷ்பம் இருப்பாள்.

அவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. புஷ்பத்தின் போன் அணைந்திருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு சுரண்டைக்குப் பறந்தேன். வீடு பூட்டியிருந்தது. இப்பத்தான் கார் போச்சு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போன் போட்டேன். எடுத்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வண்டியை நிறுத்து, வெடிப்பு இருக்கிறது, நான்தான் போட்டேன். அப்படியே சொல்லியிருப்பேன். அம்மன் மேல் ஆணை, அப்போது சொல்லியிருப்பேன்.

சேர்ந்தமரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். ஓரமாகச் சிமென்ட் மேடையில் பட்டுச்சேலையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கிடந்தது. என் தங்கச்சி. காரைக் காணவில்லை. பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அழுதேன், எழுத வெட்கமாக இல்லை.

"எதுக்குண்ணே அழுத? எனக்கே அழுகை வரல" என்றாள்.

கல்யாணத்துக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வருகிறாய், என் மானம் போகிறது என்று ஆரம்பித்திருக்கிறான். தன் நகையை அடகு வைத்தது யார் என்று இவள் கேட்டுவிட்டாள். பங்கில் வண்டியை நிறுத்தி முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு வயிற்றில் மிதித்திருக்கிறான். பெட்ரோல் போடுகிற பெண்பிள்ளைகள் கத்தினார்களாம். அவன் காலைத் தூக்கி மறுபடி மிதிக்க வந்தபோது இவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மண்ணை வாரித் தூத்துனேண்ணே. மிதிச்ச காலு வெளங்காமப் போவும்னு சொன்னேன். அத்தனை பேரு முன்னால சொல்லிட்டேன். நான் ஒன் வண்டில ஏற மாட்டேன், ஒன் வீட்டுப் படியும் ஏற மாட்டேன், போன்னு சொன்னேன். போயிட்டாரு."

"பிள்ளை படிப்பு?"

"அவளே போன மாசம் சொல்லிட்டா, நீ வந்துரும்மா, நான் எங்கயாவது வேலை பாத்துப் படிச்சுக்கிடுதேன்னு. நான்தான் கூறு கெட்டுப் போயி இருந்தேன்."

என் தங்கச்சி வந்துவிட்டாள். தானாகவே வந்துவிட்டாள். எந்தச் சக்கரமும் வேண்டியிருக்கவில்லை.

அவள் காலையில் சாப்பிடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். உதட்டில் புண் என்பதால் இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்துத் தின்றாள். அப்போது என் போன் அடித்தது. கொம்பையா. நான் அத்தனை தடவை கூப்பிட்டதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறான் போலிருக்கிறது. போன் மேஜை மேல் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது.

"யாருண்ணே?"

"கடைக்காரன்."

மறுபடியும் ஒரு தடவை அடித்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. பிறகு அடிக்கவில்லை.

ஆவணி 7, வெள்ளி

நேற்றே செய்தி வந்துவிட்டது. எழுத இன்றுதான் முடிந்தது.

கோவில்பட்டி தாண்டி நாலு வழிச்சாலையில் ஒரு பஸ்ஸை முந்தும்போது கீழே வெடித்திருக்கிறது. டயர் என்று நினைத்தார்களாம். கார் தடுப்பில் உரசி நின்றிருக்கிறது. இடது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. வலது பாதம் கூழ். ஒரு துண்டு கூரையைப் பொத்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. பக்கத்துச் சீட்டு நடுவில் கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது என்று ஆம்புலன்ஸ்காரன் சொன்னான்.

உயிர் இருக்கிறது.

அன்னத்தாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கு இருந்த இடம் காலியாக இருக்கிறது. எங்கே கொண்டுபோய்ப் போட்டாளோ, நானும் கேட்கவில்லை.

ஆவணி 9, ஞாயிறு

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. போலீஸ்காரர் வந்தார். பழைய வண்டி, ஊர்வலத்தில் ஓட்டி ஓட்டிச் சூடு ஏறினது என்று நான்தான் விளக்கினேன். அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வரும் வழியில் தாவீது கடை முன்னால் நின்றேன். என்னைப் பார்த்தார். லேத்தை நிறுத்தவில்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

ஆவணி 17, திங்கள்

புஷ்பம் மூட்டை கட்டுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

"வர மாட்டேன்னு சொன்னியேட்டி! படி ஏற மாட்டேன்னு பங்க்ல வச்சு சொன்னியே!" என்று கத்தினேன். சுவரில் இருந்த கண்ணாடியை எடுத்து உடைத்தேன்.

"அப்ப அவருக்குக் காலு இருந்துச்சுண்ணே" என்றாள்.

ஆவணி 30, ஞாயிறு

சுரண்டைக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

கட்டிலில் கிடக்கிறான். என்னைக் கண்டதும் அழுதான். "மச்சான், தவுலுக்கு ஆடுன காலு மச்சான்" என்று போர்வையைத் தூக்கிக் காட்டினான். நான் ஜன்னலைப் பார்த்தேன். புஷ்பம் கஞ்சி கொண்டுவந்தாள். அக்குளில் கையைக் கொடுத்து அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். கனத்த உடம்பு, அவள் மூச்சு வாங்கினாள். கஞ்சியை வாயில் வைத்தான். சூடு. அவள் முகம் அவன் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. காதோடு சேர்த்து ஒரு அறை விட்டான். கிண்ணம் உருண்டது. அவள் கீழே உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். அதற்குள் முடியைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் ஒரு மோது மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. கால்தான் போயிருக்கிறது. கை இரண்டும் நல்லாத்தான் இருக்கின்றன.

நான் அவன் குரல்வளையைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். சத்தியம் போனால் போகட்டும் என்று இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினேன். கண் பிதுங்கியது. புஷ்பம் என் மணிக்கட்டைக் கடித்தாள். என் தங்கச்சி, அவனுக்காக என்னைக் கடித்தாள். பல் தடம் இப்போதும் இருக்கிறது.

அவளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

"கெளம்பு. இப்பவே கெளம்பு. அவன் சாவட்டும்."

"முன்னல்லாம் எட்டி நின்னுக்கிடுவேண்ணே. அடிக்க வந்தா பக்கத்து வீட்டுக்கு ஓடுவேன். இப்ப தூக்கணும், தொடைக்கணும், பீ மூத்திரம் அள்ளணும், கிட்டத்துலதான நிக்கணும்? அடிக்கட்டும். நான் செஞ்சதுக்கு இது போதாது."

"நீ என்னட்டி செஞ்ச?"

"மண்ணை வாரித் தூத்துனேம்லா. காலு வெளங்காமப் போவும்னு சொன்னேம்லா. சொல்லி வாயை மூடல, காலு போச்சு. ஒரு மனுசனோட காலை வாயால எடுத்துட்டேண்ணே. அந்தப் பாவத்தை எந்த ஆத்துல கொண்டு கரைப்பேன்?"

நெற்றியில் சேலையை அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரத்தம் துணியில் ஊறிக்கொண்டே இருந்தது. அவள் நிஜமாகவே நம்புகிறாள். உயிர் உள்ளவரைக்கும் நம்புவாள். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் இந்த வீட்டை விட்டு இப்போதே எழுந்து வந்துவிடுவாள். அந்த ஆளுக்கு ஜெயில். அந்த ஆள் பொண்டாட்டிக்குத் தெரு.

வாயைத் திறந்தேன்.

"நீ ஏண்ணே இப்படி வேர்த்து நிக்க? ஒம்மேல என்ன தப்பு இருக்கு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் என் தங்கை. "நீ கடை கடையா அலைஞ்சு நல்ல சாமானாப் பாத்துத்தான போட்டுக் குடுத்த?"

"ஆமா" என்றேன்.